பாலைவனத்துக்கு ஏழு ஸ்வெட்டர்

போவதா வேண்டாமா என்று நான் முடிவே செய்யாத ஓர் ஊருக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்லி, எங்கள் ஆலயத்துச் சபைக்காரர்கள் எனக்கு ஏழு ஸ்வெட்டர் கொடுத்தார்கள். மே மாதம். நெமிலிச்சேரியில் தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத வெயில். அந்த ஊர் அமெரிக்காவில்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்து வெயில் நம்முடையதைவிட மோசம். ஏழு ஸ்வெட்டரும், அவற்றோடு வந்த ஒரு குரங்குக் குல்லாயும் கட்டிலில் குவிந்து கிடக்க, கரண்ட் போன அறையில் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் தலைக்கேறியிருந்தது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை. எல்லாம் ஒரு துண்டுச் சீட்டால் வந்தது.

நான் கணக்கு டீச்சர். ஆவடியில் ஒரே பள்ளியில் பத்தொன்பது வருடம். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். தலைமுடி அளவு பிசகினாலும் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவது அவர் வேலை. வீட்டிலும் அதே கண்தான். சுவரில் நான் ஆணியடித்து மாட்டும் எந்தப் படமும் அவருக்கு நேராக இருந்ததில்லை. அதை வாயால் சொல்ல மாட்டார். நான் சமையலறைக்குப் போனதும் சத்தமில்லாமல் வந்து திருத்திவிட்டுப் போவார். மகள் வேலப்பன்சாவடி பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டல். சனிக்கிழமை அழுக்குத் துணியோடு வந்து ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியோடு போவாள். ஆக, வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் பேசுவது ஒருத்தி.

எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சர், இரண்டு வருடம் முன்பு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்குப் போனாள். அந்த மாதிரி ஒதுங்கிய ஊர்களுக்கு அந்த நாட்டு வாத்தியார்கள் வர மாட்டேன் என்கிறார்களாம். அதனால் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அங்கே கணக்கு வாத்தியார் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டாள். விளையாட்டாக இரண்டு நேர்காணல் கொடுத்தேன். ஏப்ரல் கடைசியில் கடிதமே வந்துவிட்டது. மூன்று வருட வேலை. கணவரையும் அழைத்து வரலாம். மூன்று வாரத்துக்குள் பதில் வேண்டும்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கலாம்" என்றார். இவருடைய "பாக்கலாம்" எனக்குப் பழக்கம். புது ஃபிரிட்ஜுக்கும் பாக்கலாம், மாமல்லபுரம் போவதற்கும் பாக்கலாம். மகளிடம் போனில் சொன்னேன். "போம்மா, லீவுக்கு நான் வர்றேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவள் தேர்வைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். மொத்தத்தில் முடிவு என் தலையில் விழுந்தது.

அன்று சாயங்காலம்தான் அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனேன். போனில் மேப்பைத் திறந்தால் தெருவையே படமாகக் காட்டும் ஒரு வசதி இருக்கிறதே, அதன் வழியாக. விரலால் தள்ளினால் நடக்கலாம். டீயை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவள், டீ ஆறி ஆடை படிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். ஒரே ஒரு பெரிய தெரு. தபாலாபீஸ், காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, வெள்ளையடித்த சின்ன சர்ச் ஒன்று, நாலு காலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. தெருக்கோடியில் பள்ளிக்கூடம். அதற்கு அப்புறம் மண்ணும் மலையும் வானமும்தான். எவ்வளவு வானம்! எங்கள் தெருவில் நிமிர்ந்தால் கேபிள் ஒயர் தெரியும், அதற்கு மேல் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியும். இங்கே வானம் தரை வரைக்கும் இறங்கி வந்திருந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு நடை. இரண்டாவது வாரத்தில் அந்த ஊரில் எந்த வீட்டுக்கு எந்த நிறக் கதவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தபாலாபீஸ் முனையில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படம் எடுத்த அன்றைக்கு நின்றவர், பாவம், இன்றைக்கும் நிற்கிறார். அவரைத் தாண்டும்போது எனக்கு ஒரு வணக்கம் சொல்லத் தோன்றும். கணவர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு வேறு விஷயங்கள் பட்டன. ஸ்பீட் பிரேக்கர் இல்லை. மழைநீர் கால்வாய் இல்லை. ஆளே இல்லை.

"எல்லாரும் எங்க பூட்டாங்க?" என்றார் ஒருநாள்.

ஊருக்கு வெளியே ரோட்டோரம் புதராக மண்டியிருந்த மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நம் சீமைக்கருவேலம் மாதிரியே இருந்தது. கூடவே சப்பாத்திக்கள்ளி. அறிவியல் டீச்சரைக் கேட்டேன். இரண்டும் அந்தப் பக்கத்துச் செடிதான், நம் ஊருக்குப் பிறகு வந்தது என்றாள். கணவருக்கு ஒரே சந்தோஷம். "இத்த பாக்க ப்ளேன் ஏறணுமா டீச்சர்? நம்ம ஸ்டேஷன் பின்னாடியே கீதே" என்றார். கிண்டல் செய்யும்போது மட்டும் என்னை டீச்சர் என்பார்.

அவருக்கு என்ன தெரியும், எனக்கு ஏன் அந்த ஊர் பிடித்தது என்று. வகுப்புக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தார்கள். நான் ஐம்பத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் இயற்கணிதம் நடத்துகிறவள். கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் முகம் எனக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் மனதில் பதியும். பதினெட்டு பேர் என்றால், ஒவ்வொருவரும் எந்தப் படியில் தவறு செய்கிறார்கள் என்று கிட்டே உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு அது கனவு மாதிரி இருந்தது. அப்புறம் அந்த அமைதி. காலை லோக்கலில் லேடீஸ் பெட்டியில் யாருடைய முழங்கையோ என் விலாவில், என் டிபன் பை யாருடைய முதுகிலோ. அப்படிப் பத்தொன்பது வருடம் போய்வந்தவளுக்கு அந்த ஆளில்லாத் தெரு ருசித்தது. சம்பளமும் கூடுதல்தான். அதை இங்கே எழுதினால் சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் கனமாகத்தான் இருந்தது. கறிவேப்பிலைக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு என் ஆங்கிலம் புரியுமா, எனக்கு அவர்களுடையது புரியுமா? எல்லாவற்றையும்விட, இந்த மனுஷர். இருபத்து நான்கு வருடம் ஒரே கம்பெனி, ஒரே மேஜை. வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்து, ஆளில்லாத ஊரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? பழைய யூனிட் டெஸ்ட் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். திங்கட்கிழமை போகலாம் என்று வந்தது. புதன்கிழமை போக வேண்டாம் என்று வந்தது. வெள்ளிக்கிழமை சமமாக வந்தபோது தாளைக் கிழித்துப் போட்டேன். கணக்கு டீச்சருக்கு இதைவிட அவமானம் இல்லை.

ஜெபத்தில் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். பட்டாபிராமில் இருக்கும் எங்கள் ஆலயத்தில் நுழைந்ததும் வலது பக்கம் ஜெபக் குறிப்புப் பெட்டி இருக்கும். விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். இடது பக்கம் நன்றிக் காணிக்கைப் பெட்டி. பிறந்த நாள், கல்யாண நாள், வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது என்று நடந்து முடிந்த நன்மைகளுக்கான பெட்டி அது. அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் எனக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்ததால், "தேவசித்தம் தெரிய ஜெபிக்கவும்" என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

போதகர் நன்றிக் காணிக்கைகளை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள். ஓர் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதாக, நமது சபையின் கணக்கு டீச்சருக்கு அமெரிக்க தேசத்தில் ஆசிரியப் பணி கொடுத்து வாசலைத் திறந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாசித்தார். சபை முழுக்க ஒரே குரலில் ஆமென் சொன்னது. பழக்கதோஷத்தில் நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். அப்போது பாட்டே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கை கொடுக்க வரிசை. யாரிடம் என்ன சொல்வது? ஜெபத்தில் வைத்த காரியம் என்றால் "இன்னும் பதில் வரல" என்று சொல்லித் தப்பிக்கலாம். நன்றியே சொல்லியாகிவிட்டது. எங்கள் சபையில் நன்றி சொன்ன காரியத்தை யாரும் திரும்பப் பெற்றதில்லை. "மன்னிக்கவும் ஆண்டவரே, அவசரப்பட்டுவிட்டோம்" என்று அடுத்த ஞாயிறு வாசிக்கச் சொல்லவா முடியும்? எல்லோருக்கும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்தேன்.

"பொட்டி மாறிப்போச்சு" என்றார்.

தலைமுடி அளவு பிசகையும் விடாத மனுஷருக்கு, வலதும் இடதுமாக இருக்கும் இரண்டு பெட்டி மாறிப்போனதாம். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க எங்கே நேரம், திட்டுவதற்கே நாள் போதவில்லை. நாலு நாள் திட்டினேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலமே முதல் ஸ்வெட்டர் வந்துவிட்டது. பின்தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், சம்சாரத்தோடு வந்து பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, பையிலிருந்து கரும்பச்சை ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். ஊட்டிக்குப் போனபோது வாங்கியதாம். குளிரில் மார்ச்சளி பிடித்தால் அந்த ஊரில் நாட்டு வைத்தியம் கிடைக்காது என்று எச்சரித்தார். அது பாலைவனம், வெயில் கொளுத்தும் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சம்சாரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அமெரிக்கால பாலைவனமா? உன்னிய யாரோ ஏமாத்தறாங்க டீச்சரம்மா. நல்லா விசாரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு. புதன்கிழமை ஒன்று, கூடவே குரங்குக் குல்லாய். வருகிற எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, பனியில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை. நான்காவது ஆளுக்குப் பிறகு பாலைவனம் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அறிவியல் டீச்சர் மட்டும் போனில் சிரித்து ஓய்ந்த பிறகு, டிசம்பரில் இங்கே ராத்திரி நடுங்கும், ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு வா என்றாள்.

ஆறாவது ஸ்வெட்டரைக் கொண்டுவந்தவர் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், குரலில் அதற்கும் மேல் அதிகாரம் இருக்கும். நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அவர் கொடுத்தது மெரூன் நிறம், கையால் பின்னியது, நாப்தலின் உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. ஒருதடவை கூடப் போட்டதில்லை என்றார். சின்ன வயதில் சிம்லாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததாம். அதற்காக அவரே பின்னியதாம்.

"ஏன்க்கா போகல? ஊட்ல விடலயா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போன்னுதான் சொன்னாங்க. சும்மாதான் போவல" என்றார். சொல்லிவிட்டு, முறுக்கு நமுத்திருக்கிறது, டப்பாவைச் சரியாக மூடு என்று என்னைக் கண்டித்தார்.

அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அந்தச் "சும்மா"வை விட முடியவில்லை. யாராவது தடுத்திருந்தால் கோபப்படவாவது ஓர் ஆள் இருந்திருக்கும். என் விஷயமும் அதேதான். யாரும் தடுக்கவில்லை. நான்தான் கணவரைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கம் எனக்கு வழியனுப்புக் கூட்டம் வைத்துவிட்டது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் முப்பது பெண்கள், கேசரி, மிக்சர், டீ. சுவரில் வண்ணக் காகிதம். போகும்போதே உறுதியாக இருந்தேன், இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று. இத்தனை பேருடைய அன்பைப் பொய்யாக வாங்கிக்கொள்வது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏழாவது ஸ்வெட்டரைச் சங்கத்தின் சார்பில் என் தோளில் போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டே எழுந்து நின்றேன். சீட்டு பெட்டி மாறிப்போன கதையைச் சொன்னேன். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை, போவேனா என்று எனக்கே தெரியாது, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றேன். முதுகில் வேர்வை ஓடியது. ஸ்வெட்டர் வேறு.

அக்கா எழுந்தார்.

"அதனால இன்னா? கேசரி கிண்டியாச்சு" என்றார். "முடிவ நீ மெதுவா பண்ணிக்க. நாங்க அனுப்பி வெச்சிட்டோம்."

அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு. வழியனுப்புப் பாட்டை எல்லாச் சரணமும் விடாமல் பாடினார்கள். முப்பது கை என் தலையைத் தொட்டு ஜெபம் செய்தது. போகாவிட்டால் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று ஒருத்தி கேட்க, அக்கா அவளை அதட்டினார். நான் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

செவ்வாய்க்கிழமை கெடு முடிகிறது. காலை ஏழு மணிக்கு அந்த ஊர்த் தலைமை ஆசிரியர் வீடியோவில் வந்தார். அங்கே முந்தின நாள் சாயங்காலம். பெரிய மீசை, வெயிலில் காய்ந்த முகம், பின்னால் ஜன்னலில் அதே மலை. நான் படத்தில் பார்த்த மலையில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து எனக்குச் சிலிர்த்தது. கணவர் கேமராவில் படாமல் பக்கத்து நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் புரியும், பேசக் கூச்சப்படுவார். எல்லாம் பேசி முடித்து, உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். பாடத்திட்டம் பற்றி மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மழை பெய்தால் உங்கள் ஊரில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நெமிலிச்சேரிக்காரி புத்தி. எங்கள் பக்கத்தில் மனை வாங்கினாலும் பெண் கொடுத்தாலும் முதல் கேள்வி அதுதான். நாங்கள் இந்த மனையை வாங்கும்போது இவர் பத்து பேரைக் கேட்டார், பத்து பேரும் நிற்காது என்றார்கள், முதல் கார்த்திகையிலேயே முழங்கால் வரை நின்றது. பாலைவனத்துக்காரரிடம் போய் அதைக் கேட்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. நிற்கும் என்றார். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடை ஒன்று ஊருக்குக் குறுக்கே போகிறதாம். ஜூலை, ஆகஸ்டில் நாலைந்து பெரிய மழை. அப்போது ஓடையில் வெள்ளம் வந்து ரோட்டை மறித்துவிடும், பள்ளிப் பேருந்து அந்தப் பக்கமே நின்றுவிடும். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். வருடத்தின் முதல் மழை வகுப்பு நேரத்தில் வந்தால், பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுவார்களாம். வாத்தியார்களும் போய் நனைவார்களாம். நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் நிற்கும், அதற்கு நீங்கள் கோபப்படக் கூடாது என்றார்.

நான் பத்தொன்பது வருடமாக மழைக்கு லீவு விடுகிற ஊரில் பாடம் நடத்தியவள். மழை பார்க்க லீவு விடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் நானும் நனைந்துகொண்டு நிற்பது கண் முன்னால் வந்தது. எனக்கு அங்கே போக வேண்டும். அதுவரை அதை அவ்வளவு நேராக என்னிடமே நான் சொல்லிக்கொண்டதில்லை. சாயங்காலத்துக்குள் பதில் அனுப்புகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்ததும் கோபம் திரும்ப வந்தது. ஆசை இருப்பது தெரிந்துவிட்டால் பயமும் இரட்டிப்பாகிவிடுகிறது. அதை யார் மேலாவது இறக்க வேண்டுமே. நீங்கள் மட்டும் அந்தச் சீட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் நான் நிம்மதியாக யோசித்திருப்பேன் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொட்டி மாறல. தெரிஞ்சிதான் போட்டேன்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"ஜெபப் பொட்டில போட்டா அவங்க வாரா வாரம் ஜெபம் பண்ணுவாங்க. நீயும் வாரா வாரம் யோசிப்ப. மூணு வாரக் கெடு ஓடிப்பூடும். அப்பறம் சித்தமில்லனு சொல்லி முடிச்சிருவ. அதான் நன்றி சொல்லிட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நீ என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய், என் வேலை, என் சர்வீஸ், என் சாப்பாடு என்று, அதனால்தான் கேட்கவில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்குப் பயமாதான் கீது. ஆனா நீ போவாம இங்கயே இருந்து, பத்து வருசம் கழிச்சியும் சாயங்காலம் ஆனா போன்ல அந்தத் தெருவயே பாத்துகினு இருப்ப பாரு, அத்த பக்கத்துல உக்காந்து பாக்க எனக்குத் தெகிரியம் இல்ல."

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். இத்தனை வருடம் பேசியதெல்லாம் நான், கவனித்ததெல்லாம் இவர். "நீங்க அங்க இன்னா பண்ணுவீங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"தண்ணி நிக்கும்னு சொன்னாரே. நிக்கிற தண்ணில எனக்குப் பதினஞ்சி வருச சர்வீசு" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வழக்கமான வண்டிக்கு வழக்கமான நேரத்தில் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நாங்கள் இருவரும் வருகிறோம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் அதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் போலிருந்தது. போன் செய்திருக்கலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயது கணக்கு டீச்சர், வீடியோவுக்குக் கட்டிய புடவையைக் களைந்து மாற்றியிருந்த நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வழியில் என்னிடம் டியூஷன் படித்த இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள். பார்க்கட்டும்.

நடைமேடையில் அவர் தினமும் நிற்கும் இடத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது, வீட்டில் என்னமோ ஏதோ என்று.

"அனுப்பிட்டேன்" என்றேன். மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரும் வர்றோம்னு எழுதிட்டேன்."

வண்டி வந்து நின்றது. வழக்கமாக ஏறும் பெட்டியிலிருந்து வழக்கமான ஆட்கள் கூப்பிட்டுக் கை காட்டினார்கள். அவர் அசையவில்லை. வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டியும் பட்டாபிராம் பக்கம் போய் மறைந்தது. இருபத்து நான்கு வருடத்தில் வேலைக்குப் போகும் வண்டியை அவர் தவறவிட்டது அதுதான் முதல் தடவை. என் தோளிலிருந்து நழுவிய துண்டைச் சரியாகப் போட்டுவிட்டார், இரண்டு முனையும் ஒரே நீளத்துக்கு வரும்படி. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டு, "அடுத்த வண்டில போறேன்" என்றார்.